வெள்ளிக்கிழமை வோல்ட்

1

இந்தக் கதையின் முதல் வரி என்னுடையது அல்ல. ரயிலில் ஒட்டுக்கேட்டது. மும்பையில், குர்லாவில் மாறி ஏறிய ஹார்பர் லைன் வண்டியில், பெண்கள் பெட்டியில், என் முதுகோடு முதுகாக நசுங்கி நின்ற ஒருத்தி போனில் சொன்னாள்: “வெள்ளிக்கெழம நல்லாத்தான சூடாச்சு. சனிக்கெழம மட்டும் அதுக்கு என்ன வந்துச்சாம்?” அசல் திருநெல்வேலித் தமிழ். யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் செம்பூர் வந்துவிட்டது, கூட்டம் என்னைத் தூக்கி பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு அவளோடு போய்விட்டது.

எது சூடாயிற்று? இஸ்திரிப் பெட்டியா, வெந்நீர்க் குழாயா, மாமியாரா? வீடு வந்து சேரும்வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை. கடைசியில் அது ஒரு மின்சாரக் காயில், சூடேறுகிற கம்பிச் சுருள், என்று வைத்துக்கொண்டேன். மாமியார் என்றால் கதை நீளும், எனக்கு இப்போது முதுகுவலி.

அப்படி வைத்துக்கொண்ட மறுநிமிடமே அவளுடைய கேள்விக்குப் பதிலும் தெரிந்துவிட்டது. தாராவியில் பட்டறைகள் நெருக்கியடிக்கும் கல்லி ஒன்றில், அதாவது சந்தில், வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜும்ஆத் தொழுகை நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். மிஷின்கள் எல்லாம் நின்றுவிடும். மிஷின் நின்றால் வோல்ட் ஏறும். வோல்ட் ஏறினால் காயில் நன்றாகச் சூடாகும். சனிக்கிழமை மிஷின் எல்லாம் ஓடும், வோல்ட் இறங்கும், காயில் சோர்ந்துவிடும்.

கேள்வியும் பதிலும் முதல் பக்கத்திலேயே தீர்ந்துபோயின. பிறகு எதற்குக் கதை என்று கேட்பீர்கள். பதில் தெரியாமல் அந்தச் சனிக்கிழமையில் மாட்டிக்கொண்ட ஒருத்திக்காக.

2

ஆரம்பித்துப் பார்த்து அடித்தவை:

“தாராவியில் மழை பெய்துகொண்டிருந்தது.” (தாராவியைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மழையில்தான் இறங்குகிறார்கள். ஆனாலும் மழை பின்னால் வந்துதான் ஆக வேண்டும். வராவிட்டால் அப்பளம் வெயிலிலேயே காய்ந்துவிடும், யாருக்கும் காயில் வேண்டியிருக்காது.)

“ஒரு கடத்தியின் வழியே பாயும் மின்னோட்டமானது அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில்” (பத்தாம் வகுப்பு. நீங்கள் ஓடிப்போவீர்கள். நானும் அப்போது ஓடிப்போனவள்தான்.)

“சைனப் அழவில்லை.” (அவளை யார் அழச் சொன்னது?)

“சைனப் காயில் சுற்றுகிறவள்.”

இது இருக்கட்டும்.

3

சைனப் காயில் சுற்றுகிறவள். மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். நாற்பது வயது இருக்கும். கணவன் ஷேக் பரீத் மோட்டார் ரிவைண்டிங் செய்கிறான். எரிந்துபோன மிக்ஸி, பம்பு, தையல் மிஷின் எல்லாம் அவனிடம் வந்து உயிர்பெற்றுப் போகும். வீட்டோடு ஒட்டிய அதே பட்டறையில் ஜன்னலோரத்து மேசை சைனபுடையது. அங்கே அவள் நைக்ரோம் கம்பியைச் சுருளாகச் சுற்றி, பீங்கான் மணி கோத்து, சூடேற்றும் காயில்கள் செய்கிறாள். பல வருஷமாகச் செய்கிறாள். எல்லாமே பரீத் பேரில்தான் வெளியே போகும். ஒவ்வொரு காயிலிலும் ஒரு சின்ன அலுமினியத் தகடு தொங்கும், அதில் பரீத் பெயரின் ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும்.

அந்த வருஷம் ஆனியில் ஷாலினி வந்தாள். கல்லியின் கடைசியில் அப்பளம் போடுகிறவள். குடும்பம் நாங்குநேரிப் பக்கம், ஆனால் அவள் பிறந்ததே தாராவி ஆஸ்பத்திரியில்தான். கோபம் வந்தால் இந்தியில்தான் வரும். மாட்டுங்காவில் கோமதிநாயகம் என்பவருடைய பலசரக்குக் கடைக்கு அவள் அப்பளம் போகிறது. மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் பூத்துப்போகிறது என்று, தட்டுகள் அடுக்கிய பெரிய தகரப் பெட்டி ஒன்று செய்து வைத்திருந்தாள். கீழே ஒரு ஃபேன் இருந்தது. ஃபேனுக்கு முன்னால் ஒரு காயில் வேண்டும், இரண்டாயிரம் வாட்டுக்குக் கிட்டத்தில். பரீத் கை நிறைய வேலையோடு இருந்தான். ஷாலினி அவனைத் தாண்டி ஜன்னலோரத்துக்கு வந்து, எப்படியும் நீங்கள்தானே அக்கா சுற்றப் போகிறீர்கள், நீங்களே எனக்குப் போட்டுத் தாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

சைனப் அந்தக் காயிலுக்கு ஒரு தகடு வெட்டி, அதில் தன் பெயரின் முதலெழுத்தான ஆங்கில இசட் ஒன்றைத் தட்டிப் பொறித்தாள். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. மாற்றவில்லை.

பணயத்தில் இருப்பது அந்த இசட்தான். பிறகு குழம்பக் கூடாது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் காயில் தேறினால் அடுத்தவர்கள் நேராக ஜன்னலோரத்துக்கு வருவார்கள். தேறாவிட்டால் யாரும் அவளை ஒன்றும் சொல்லப் போவதில்லை. பழையபடி பரீத் பேரில் சுற்றிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ அவளுக்குச் சகிக்காது.

அந்தக் கல்லியில் ஒரு வழக்கம் உண்டு. கம்பத்திலிருந்து வருகிற ஒரே லைனில்தான் எல்லாப் பட்டறையும் தொங்குகின்றன. தோல் தைக்கிற மிஷின், பக்கிள் பாலிஷ் போடுகிற மிஷின், பிரஸ் மிஷின் எல்லாம் அதிலேதான். நடுவில் யாராவது பெரிய லோடு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் பத்துப் பேருடைய மிஷின் முனகும், யாருடைய ஃப்யூஸாவது போகும், பிறகு வாய்ச்சண்டை. அதனால், புதிதாகச் செய்ததை லோடு போட்டுப் பார்ப்பதென்றால் ஜும்ஆ நேரத்தில்தான் பார்க்க வேண்டும். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. முதலாளிகள் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள், மற்ற வேலையாட்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருப்பார்கள்.

சைனபுக்கு அந்த நேரம் பிடிக்கும். மேசை, மீட்டர், சத்தமில்லாத காற்று மூன்றும் அவளுக்கு மட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை காயிலை இணைத்து, அது செவந்து நிலைக்கும்வரை பொறுத்து, மீட்டரைப் பார்த்தாள். இருநூற்று நாற்பது வோல்ட். எட்டு ஆம்ப். சுவரில் எப்போதும் இருக்கிற சாக்கட்டிக் கோட்டுக்குக் கீழே கணக்குப் போட்டாள்.

240 ÷ 8 = 30. காயிலின் தடை முப்பது ஓம்.
240 × 8 = 1920. காயில் தருகிற சூடு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது வாட்.

(வோல்ட் என்பது தள்ளுகிற பலம். ஆம்ப் என்பது ஓடுகிற அளவு. தள்ளுவதை ஓடுவதால் வகுத்தால் கம்பி எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று தெரியும், பெருக்கினால் எவ்வளவு சூடு கிடைக்கிறது என்று தெரியும். இந்தக் கதைக்கு இவ்வளவு போதும். பரீட்சை கிடையாது.)

கேட்டது இரண்டாயிரத்துக்குக் கிட்டத்தில், கிட்டத்தில்தான் இருந்தது. அந்த ஜும்ஆ முடிவதற்குள்ளேயே காயிலைக் கொண்டுபோய் ஷாலினியின் பெட்டியில் பொருத்திவிட்டாள். சூடான காற்று தட்டுத் தட்டாக ஏறியது. முதல் தட்டு அப்பளம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறைத்தது. ஷாலினி அதில் ஒன்றைச் சுட்டு இரண்டாக உடைத்துப் பாதியைச் சைனபுக்குக் கொடுத்துவிட்டு, அன்றைய மாவு தீர்ந்ததால் பெட்டியை அணைத்தாள். சைனப் வீடு வருகிற வழியெல்லாம் அதைக் கொறித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கதையை இங்கேயே நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

4

நிறுத்தாததற்குக் காரணம் தீ.

சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தீ வேண்டியிருந்தது. பட்டறை, பெண், பொறித்த பெயர், மழை என்று இவ்வளவையும் சேர்த்து வைத்துவிட்டுக் கடைசியில் அப்பளம் கொஞ்சம் ஈரமாக இருந்தது என்று முடித்தால் எந்தப் பத்திரிகை போடும்? அதனால் சனிக்கிழமை வோல்ட் நூற்றெண்பதுக்கு இறங்குகிறது என்று எழுதினேன். காயில் 1920 வாட் அல்லவா, அதை 180-ஆல் வகுத்தேன். பத்தரைக்கு மேல் வந்தது. ஆஹா, வோல்ட் இறங்க இறங்க ஆம்ப் ஏறுகிறது, கம்பி தாங்காது, வெடிக்கிறது, தகரப் பெட்டி பற்றிக்கொள்கிறது. இரண்டு பக்கம் எழுதினேன். நல்ல பக்கங்கள். ஷாலினியின் துப்பட்டா எரிகிற இடத்தில் எனக்கே தொண்டை அடைத்தது.

மறுநாள் காலையில் தேநீரோடு உட்கார்ந்து படித்தபோது ஒரு சின்ன நெருடல். 1920 என்பது காயிலின் பிறவிக் குணமா? இல்லை. அது அந்த வெள்ளிக்கிழமையின் குணம். காயிலோடு கூடப் பிறந்தது முப்பது ஓம் மட்டும்தான்.* அதை எங்கே கொண்டுபோனாலும் முப்பதுதான். ஆகவே,

180 ÷ 30 = 6 ஆம்ப்.
180 × 6 = 1080 வாட்.

ஆம்ப் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. தள்ளுகிற பலம் கால்பங்கு குறைந்தால் ஓட்டமும் கால்பங்கு குறைகிறது. இரண்டையும் பெருக்கி வருகிற சூடு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக் கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. வெடிப்பதாவது! அந்தக் காயில் செவக்கக்கூட மாட்டாமல் இளஞ்சூட்டில் உட்கார்ந்திருக்கும். என் தீ, இரண்டு பக்கத்தோடும் துப்பட்டாவோடும் அணைந்தது.

* சூடேறினால் நைக்ரோமின் தடை கொஞ்சம் கூடும் என்று யாராவது எழுதிப் போடுவீர்கள். கொஞ்சம்தான். சைனப் அளந்தது செவந்த பிறகு. உட்காருங்கள்.

5

பரீத் விஷயத்தில் நான் பட்ட பாடு தனி.

“ஷேக் பரீத் ஒரு கொடுமைக்கார…” (இல்லை.)

“மனைவியின் வளர்ச்சியைப் பொறுக்காத பரீத், அன்று இரவு” (இல்லவே இல்லை.)

தீ போனதால் ஒரு வில்லனாவது இருக்கட்டும் என்று பார்த்தேன். ஒவ்வொரு முறை அவனைக் கெட்டவனாக்கி உள்ளே அனுப்பும்போதும் அவன் கையில் இரண்டு தேநீர்க் கிளாஸோடு வந்து நிற்கிறான். நல்ல மனிதன். சனிக்கிழமை ஷாலினியிடமிருந்து போன் வந்ததும் அவன் செய்த ஒரே தப்பு, உதவிக்கு வந்தது.

ஷாலினி போனில் சொன்னது இதுதான்: காலையிலிருந்து பெட்டி ஓடுகிறது, அப்பளம் துவண்டு கிடக்கிறது, திங்கட்கிழமை மாட்டுங்காவுக்குச் சரக்கு போயாக வேண்டும், கோமதிநாயகம் அண்ணாச்சி ஒருமுறை வேறிடத்தில் வாங்கிப் பழகிவிட்டால் திரும்ப மாட்டார். வெள்ளிக்கிழமை நன்றாகத்தானே சூடாயிற்று என்றும் கேட்டாள்.

பரீத் பம்பை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தான்.

“கழத்திக் கொண்டா புள்ள, நான் பாக்கேன். வோல்ட் கம்மியானா ஆம்ப் ஏறிரும், கம்பி வெந்துபோவும்.”

“அது ஒங்க மோட்டாருக்கு மச்சான். இது வெறும் கம்பி.”

(நான் செய்த அதே தப்பு! ஆனால் அவனுக்கு நியாயம் இருக்கிறது. லோடை இழுத்தே ஆக வேண்டிய மோட்டார், வோல்ட் இறங்கினால் ஆம்பைக் கூட்டிக் கூட்டி இழுத்து எரிந்துபோகும். எரிந்துபோனவற்றையே வாழ்நாளெல்லாம் பார்க்கிறவன் வேறென்ன சொல்வான்? எனக்குத்தான் எந்த நியாயமும் இல்லை.)

அவன் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். கம்பி மட்டமான கம்பியாக இருக்குமோ என்று மட்டும் முனகினான். சைனப் மீட்டரை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மழையில் இறங்கினாள். அவளுக்கு உள்ளே பயமாகத்தான் இருந்தது. கம்பி மட்டமோ, அளவு தப்போ, நேற்று பார்த்ததே பிசகோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தகட்டிலிருக்கும் எழுத்தை ஷாலினி இந்நேரம் எத்தனை பேரிடம் காட்டியிருப்பாளோ என்றும் வந்தது.

6

சனிக்கிழமை முற்பகல் என்பதால் கல்லி முழுக்க மிஷின் ஓடியது. மழைக்கு மேலே அந்தச் சத்தம். ஷாலினியின் இடத்தில் நாலைந்து பெண்கள் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தார்கள். சைனபைப் பார்த்ததும் உருட்டுக்கட்டைகள் கொஞ்சம் மெதுவாயின.

சைனப் பெட்டியைத் திறந்து கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு. பிறகு அளந்தாள். வோல்ட், நூற்றெண்பது. ஆம்ப், ஆறு. சுவர் ஈரமாக இருந்ததால் விரலில் மாவைத் தொட்டுத் தகரத்தின் மேலேயே கணக்குப் போட்டாள்.

180 ÷ 6 = 30.

முப்பது. நேற்றைக்கும் முப்பது, இன்றைக்கும் முப்பது. கம்பி மட்டமில்லை, அளவு தப்பில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். லைன் செய்த வேலைக்குக் காயில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது. ஷாலினியைக் கூப்பிட்டு எண்களைக் காட்டி விளக்கினாள்: நேற்று இருநூற்று நாற்பது, இன்று நூற்றெண்பது, காயில் மாறவே இல்லை, பார் முப்பது.

ஷாலினி மாவு எண்களையும் தட்டிலிருந்த அப்பளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யக்கா, காயில் சரியா இருக்குன்னு நீங்க சொல்லுதிய. அப்பளம் ஈரமா இருக்கு. ரெண்டுல எத நான் மாட்டுங்காவுக்கு அனுப்பட்டும்?”

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து கொஞ்சம் நடந்தேன். சைனபுக்கு என்ன பதில் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கணக்கு சரி. சரியான கணக்கோடு அவள் வீட்டுக்குப் போய்விடலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கல்லியில் நாலு பேர் சொல்வார்கள். அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கூடம் கோணல் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? வாரத்தில் மிச்ச நேரமெல்லாம் ஷாலினியின் பெட்டி ஓடப்போவது இந்த நூற்றெண்பதில். அவள் அளந்ததோ, கல்லி மூச்சடக்கி நிற்கும் அந்த ஒரு மணி நேரத்தில். எல்லாரும் அப்படித்தான் அளக்கிறார்கள், அதுதான் வழக்கம், அதற்கு நல்ல காரணமும் உண்டு. ஆனால் காயில் வழக்கத்துக்குச் சூடாவதில்லை.

நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது சைனப் அதைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டிருந்தாள். தப்பு காயிலில் இல்லை, நான் பார்த்த நேரத்தில்தான் என்று ஷாலினியிடம் சொன்னாள். உருட்டுக்கட்டைகள் மறுபடியும் வேகம் பிடித்தன.

7

இப்போது மூன்று வழி. மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஸ்டெபிலைசர் வாங்குவது.

(இதைச் சொன்னது நீங்கள்தான், எனக்குக் கேட்டது. வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கிற அந்தப் பெட்டி, ஏற்றுவதற்கு வேண்டியதை எங்கிருந்து எடுக்கும்? அதே லைனிலிருந்துதான், கூடுதல் ஆம்பாக. கல்லியில் ஆளுக்கொன்று வாங்கினால் நூற்றெண்பது நூற்றறுபது ஆகும். அடுத்த பட்டறைக்காரர் அதற்கும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்குவார். எனக்கு அந்தக் கதை எழுதத் தெம்பில்லை.)

(ஆ) கம்பியை வெட்டுவது.

இது ஷாலினியின் யோசனை. கம்பி குறைந்தால் தடை குறையும், தடை குறைந்தால் சூடு கூடும், சைனபே முன்பு சொல்லித்தந்தது. “வெட்டிருங்கக்கா, சிம்பிள்” என்றாள். சைனப் மாவில் விரலைத் தோய்த்தாள். பதினெட்டு ஓமாக வெட்டினால், 180 ÷ 18 = 10 ஆம்ப், 180 × 10 = 1800 வாட். அப்பளம் காயும், திங்கட்கிழமை சரக்கு போகும், அவள் பேர் நிற்கும். பையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தாள்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். ஏனென்றால் எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தெரிகிறது. மிஷின் எல்லாம் நிற்கும். வோல்ட் இருநூற்று நாற்பதுக்கு ஏறும். 240-ஐ 18-ஆல் வகுத்தால் பதின்மூன்று ஆம்புக்கு மேல். பெருக்கினால் மூவாயிரத்து இருநூறு வாட். ஆயிரத்து எண்ணூறு கேட்ட பெட்டிக்குள் மூவாயிரத்து இருநூறு. நான் தூக்கிப்போட்ட அந்த இரண்டு பக்கமும் மேசையடியிலிருந்து என்னை எட்டிப் பார்த்தன. துப்பட்டா, தொண்டை அடைப்பு எல்லாம் தயார். கணக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறது. அவள் வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

வெட்டட்டும் என்று ஒரு நிமிஷம் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் இவள் வேறு யாருமில்லை, நேற்றுவரை வெள்ளிக்கிழமை வோல்ட்டைத் தவிர வேறொன்றை அளந்தே பார்த்திராத சைனப். தப்பு செய்ய வைத்த அதே பழக்கம் இப்போது அவள் கையைப் பிடித்தது. பிளையரை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு விரலால் 240 என்று எழுதினாள். அதன் கீழே 18. வகுத்தாள், பெருக்கினாள். பிளையரைப் பைக்குள் போட்டாள்.

“வெட்ட வேண்டாம். வெட்டுனா வெள்ளிக்கெழம பெட்டி பத்திக்கிரும்.”

நான் பெருமூச்சு விட்டேன். பாதி நிம்மதி, பாதி ஏமாற்றம். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும்.

(இ) வெட்டாமலே குறைப்பது.

காயில் முழுசாக முப்பது ஓமாகவே இருக்கட்டும். அதன் நீளத்தில் ஐந்தில் மூன்று பங்கில் ஒரு முனையை வெளியே எடுத்தால் அதுவரை பதினெட்டு ஓம். ஒரு திருகு விசை. ஒரு பக்கம் திருப்பினால் மின்சாரம் பதினெட்டோடு திரும்பிவிடும். மறுபக்கம் திருப்பினால் முப்பதையும் ஓடிக் கடக்கும். மிஷின் ஓடும்போது முதல் பக்கம், மிஷின் நிற்கும்போது மறுபக்கம். சைனப் வீட்டுக்கு ஓடிப்போய் முனையும் விசையும் கொண்டுவந்து, அன்று மாலைக்குள் பொருத்திவிட்டாள். விசையின் ஒரு பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். அது வெள்ளிக்கிழமைப் பக்கம். ஒழுங்கான ஃப்யூஸ் ஒன்றும் போட்டாள். கல்லியில் பலர் ஃப்யூஸுக்குள் செப்புக் கம்பியை இரட்டையாக முறுக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள், அவள் அப்படி அல்ல. இனித் தீ கிடையாது. திருப்ப மறந்தால் ஃப்யூஸ் சற்று நேரம் பொறுக்கும், பிறகு போகும். ஆனால் பேர் போவதற்குத் தீயா வேண்டும்? சைனப் காயில் போட்டாள், ஃப்யூஸ் போயிற்று என்றால் போதும்.

அப்பளம் காய்ந்தது. திங்கட்கிழமை சரக்கு மாட்டுங்காவுக்குப் போயிற்று. கோமதிநாயகம் ஒன்றும் சொல்லவில்லையாம், அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

8

மிச்சமிருப்பது ஒரு வெள்ளிக்கிழமை.

வாரம் முழுக்க சைனபுக்கு இதே சிந்தனை. விசை பொருத்தியாயிற்று, திருப்ப வேண்டியது ஷாலினி. மாவுக் கையோடு இருப்பாள், போன் வரும், பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிடுவாள். வியாழக்கிழமை வழியில் பார்த்தபோது, ஜும்ஆ நேரத்தில் நான் வந்து ஒருமுறை திருப்பிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள்.

“நீங்க ஒண்ணும் வரண்டாம்க்கா. மிஷின் சத்தம் நின்னா திருப்பணும், அவ்வளவுதான? இந்தக் கல்லியில சத்தம் நின்னா செத்தவனும் எந்திரிச்சு ஒக்காருவான்.”

சைனப் சிரித்தாள். பிறகு யோசித்தாள். வாராவாரம் கூடவே போய் நிற்க வேண்டிய காயிலை ஒருத்தருக்குச் செய்துகொடுத்தேன் என்று சொல்ல முடியுமா? போகாமல் இருந்தால்தான் அது அவள் செய்துகொடுத்தது, ஷாலினி வைத்துக்கொண்டது. போகாமல் இருக்கத் தீர்மானித்தாள். தீர்மானம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. பரீத் குளித்து அத்தர் பூசிக்கொண்டு, சோறு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனான். (மறுபடியும் பாருங்கள். எங்கே வில்லனாவது.) மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாலிஷ் மிஷின் கடைசியாக நின்றது. மழைகூட விட்டிருந்தது.

சைனப் மேசையில் அன்றைக்குப் பரிசோதிக்க ஒன்றும் இல்லை. மீட்டர் மட்டும் இருந்தது. அவளுக்கு ஒன்று தெரியும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குமேல் நான் சொல்லப் போவது குறைவு. ஒரே லைன் என்பதால் கல்லியின் கடைசியில் இழுப்பது இந்த மேசையிலும் தெரியும். ஷாலினி விசையைப் புள்ளிப் பக்கம் திருப்பியிருந்தால் அவள் பெட்டி எட்டு ஆம்ப்தான் இழுக்கும். இங்கே இருநூற்று நாற்பதை ஒட்டிக் காட்டும். திருப்பாமல் விட்டிருந்தால் பதின்மூன்று இழுக்கும். இங்கே நாலு வோல்ட் குறையும். ஃப்யூஸே போயிருந்தால் ஒன்றும் இழுக்காது, ஆறு வோல்ட் கூடும். எழுந்து போகவே வேண்டாம். அளந்தால் போதும்.

சற்று நேரம் பொறுத்துப் பார்த்தாள். கையைத் துடைத்தாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் பிளக் பாயிண்டின் துளைகளில் வைத்தாள். எண் ஆடி நின்றது.

_______ வோல்ட்.

அந்த இடத்தை நான் நிரப்பப் போவதில்லை. இதுவரை எல்லா எண்ணையும் நான்தான் சொன்னேன், ஒரு முறை தப்பாகவும் போட்டேன். நீங்கள் இவ்வளவு தூரம் கூட வந்தவர்கள், வகுக்கவும் பெருக்கவும் தெரிந்தவர்கள். பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதுவதென்பது உங்கள் இஷ்டம்.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சைனப் அந்த எண்ணைப் பார்த்தபின் மீட்டரை அணைத்தாள், மூடி வைத்திருந்த தட்டைத் திறந்தாள், மீனை முள் நீக்கிச் சோற்றோடு பிசைந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் எழுதுவது அவள் அப்படிச் சாப்பிடுவதற்குப் பொருந்தி வர வேண்டும்.